உள்ளத்தை ஆண்ட பெருந்தகை ஹழ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்)

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் பெருஞ்சாலையில் புதுச்சத்திரம் என்று ஓர் ஊர். பெயரிலேயே சத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர். வழி நடந்து களைத்தவனுக்குத் தலை சாய்க்க ஒரு திண்ணை, பசியாற ஒரு பிடி சோறு, இதுதானே சத்திரம்! இன்று அந்தச் சாலைக்கு 44 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். நாமக்கல் வட்டாரத்து லாரிகள் இரவும் பகலும் ஓடும் அந்தச் சாலையிலேயே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தால் டில்லி வரும். அந்த டில்லியில், ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன், யமுனைக் கரையில் ஒரு சத்திரம் இருந்தது. வயிற்றுப் பசியோடு வந்தவர்களும் மனப்புண்ணோடு வந்தவர்களும் அங்கே ஆறுதல் பெற்றுத் திரும்பினார்கள். அதை நடத்திய மகான்தான் ஹழ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்குப் போகும் ரயில்களில் சில, அன்னாரின் பெயரைத் தாங்கிய நிலையத்தில்தான் போய் நிற்கின்றன. ஆகவே பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. ஆனால் அன்னார் தம் உள்ளத்தை எப்படி ஆளக் கற்றார்கள் என்பதை அறிந்தவர்களும் குறைவுதான். கற்றார்கள் என்றே சொல்ல வேண்டும். பொறுமையும் இரக்கமும் நன்றியறிதலும் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடுகின்றன, நமக்கு வாய்க்கவில்லை, என்ன செய்வது என்று நாம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். இந்த மகானின் வாழ்வு அந்தச் சாக்குக்கு இடம் வைக்கவில்லை.

சற்று நம் இல்லங்களைப் பார்ப்போம். தொழுகை இருக்கிறது, நோன்பு இருக்கிறது, குர்ஆன் ஓதும் ஒலியும் இருக்கிறது. ஆனாலும் எப்போதோ சொல்லிவிட்ட ஒரு சுடுசொல்லுக்காக அண்ணனும் தம்பியும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, ஸலாம் கொடுத்துக்கொள்ளாமல் வெளியேறுகிறார்கள். பெருநாளன்று கூட ஒரு வீட்டுப் பிள்ளைகள் மறு வீட்டுக்குப் போக அனுமதியில்லை. அடுப்படியில் மருமகள் அழுவது கூடத்தில் தஸ்பீஹ் உருட்டும் மாமியாருக்குக் கேட்பதில்லை. கோபத்தின் உச்சியில் வாயிலிருந்து விழுந்த வார்த்தையால் குடும்பமே இரண்டாகிப் போனதையும் நாம் கண்டிருக்கிறோம். இந்த நோய்க்கு என்ன மருந்து? அதைத் தேடித்தான் இந்த வரலாற்றுக்குள் போகிறோம்.

தாயிடம் படித்த முதல் பாடம்

ஹழ்ரத் அவர்கள் இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள பதாயூனில், 1238-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தார்கள். முன்னோர் புகாராவிலிருந்து வந்து குடியேறிய ஸையிது குடும்பத்தினர். ஐந்து வயதளவில் தந்தையார் மறைந்துவிட்டார்கள். தாயார் பீபி ஜுலைகா அம்மையார் தனியே நின்று பிள்ளைகளை ஆளாக்கினார்கள். வீட்டில் வறுமை என்றால் கொடிய வறுமை.

அடுப்பு மூட்ட ஒன்றும் இல்லாத நாளில் அந்த அம்மையார் புலம்பியதில்லை; விதியை நொந்ததில்லை. இன்று நாம் அல்லாஹ்வின் விருந்தாளிகள் என்று பிள்ளையிடம் மலர்ந்த முகத்தோடு சொல்வார்கள். அந்தச் சொல்லில் குழந்தை ஓர் இன்பத்தைக் கண்டது. ஒரு முறை யாரோ ஒருவர் வீட்டுக்குத் தானியம் கொடுத்துவிட, சில நாட்கள் தொடர்ந்து ரொட்டி கிடைத்தது. மகனுக்கோ அது தீர்ந்து, தாயார் எப்போது மறுபடியும் விருந்தாளிகள் என்று சொல்வார்கள் என்ற ஏக்கம் வந்துவிட்டதாம்! பசி என்னவோ அதே பசிதான். அதைச் சுமந்த மனம் வேறாகிவிட்டது. நம் பிள்ளைகள் இல்லாமையைக் கண்டு வெம்பிப் போவதும், நிமிர்ந்து நிற்பதும் பெற்றவர்களின் முகத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

படிப்பில் ஒரு கட்டம் முடிந்து, தலைப்பாகை கட்டும் நாள் வந்தது. துணி வாங்கக் காசில்லை. தாயார் தம் கையாலேயே நூல் நூற்று, அதை நெய்வித்துத் தலைப்பாகையாக்கிக் கொடுத்தார்கள். தறியோசை கேட்டே வளர்ந்த சேலம் பக்கத்து மக்களுக்கு, ஒரு முழத் துணிக்குப் பின்னால் எத்தனை உழைப்பு இருக்கிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தாயின் உழைப்பை மகன் மறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் புதுப்பிறை கண்டதும் தாயாரிடம் போய் அவர்களுடைய பாதத்தில் தலைவைத்து வாழ்த்துப் பெறுவது வழக்கம். ஒரு பிறையன்று, அடுத்த மாதம் யாருடைய பாதத்தில் தலைவைப்பாய் மகனே என்று தாயார் கேட்டார்கள். மகன் கதறிவிட்டார்கள். மறுநாள் வைகறையில் தாயார் மகனின் வலது கையைப் பிடித்து, அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார்கள். வீடு நிறைய பொன்னும் முத்தும் விட்டுச் சென்றிருந்தாலும் இத்தனை மகிழ்ச்சி வந்திராது என்று பிற்காலத்தில் ஹழ்ரத் அவர்கள் அந்தக் கடைசிச் சொல்லை நினைத்து உருகுவார்கள்.

பதாயூனில் இளமையில் கற்பித்த உஸ்தாத் மௌலானா அலாவுத்தீன் உஸூலி அவர்கள். அந்நாளில் அடிமைகளை வாங்குவதும் விற்பதும் வழக்கமாக இருந்தது. உஸ்தாதின் வீட்டில் புதிதாக வாங்கப்பட்ட வயதான அடிமைப் பெண் ஒருத்தி, விடியற்காலையில் திருகையில் மாவரைத்துக்கொண்டே அழுதாள். உஸ்தாத் அருகே போய்க் காரணம் கேட்டார்கள். கதேர் சீமையில் தன் மகனை விட்டுப் பிரிந்து வந்ததாக அவள் சொன்னாள். ஊருக்கு வெளியே இன்ன பாதையில் கொண்டுபோய் விட்டால் உன் வீட்டுக்கு வழி தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றாள். வறுமையில் வாழ்ந்த அந்த உஸ்தாத், கையில் ரொட்டியையும் கொடுத்து அவளைப் போகவிட்டுவிட்டார்கள். இந்த நிகழ்ச்சியைத் தம் சபையில் சொல்லும்போது ஹழ்ரத் அவர்களின் கண்கள் கலங்கின. அரைக்கிற சத்தத்துக்கு நடுவே அழுகைச் சத்தத்தையும் கேட்கிற காது வேண்டும். அந்தக் காது அவர்களுக்கு உஸ்தாத் கொடுத்த சொத்து.

வாதத்தில் வென்ற வாலிபர்

பதினாறு வயதளவில் தாயாருடனும் சகோதரியுடனும் டில்லிக்கு வந்தார்கள். பெரிய உஸ்தாதுகளிடம் பாடம் கேட்டார்கள். அறிவு கூர்மை, நாவு அதைவிடக் கூர்மை. மார்க்க விவாதம் நடக்கும் சபைக்குள் இவர்கள் நுழைந்துவிட்டால் எதிர்வாதம் செய்ய ஆளிருக்காது. சபையையே கலைத்துவிடும் வாதவல்லவர் என்று மாணவர்கள் பட்டப்பெயர் சூட்டினார்கள். காஜியாக ஆகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அண்டை வீட்டிலிருந்த ஷெய்கு நஜீபுத்தீன் முதவக்கில் அவர்களிடம் அதற்காக துஆச் செய்யக் கேட்டபோது, அந்தப் பெரியவர், காஜியாக வேண்டாம், வேறொன்றாக ஆகுங்கள் என்று சொல்லிவிட்டார்.

கல்வி தவறானதன்று. ஆனால் வாதத்தில் வெல்லும் ஒவ்வொரு தடவையும் எதிரே ஓர் உள்ளம் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறதே, அதைப் பார்க்கும் கண் அப்போது அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. அதைத் திறக்க ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். அவர்தான் அஜோதனில் வாழ்ந்த பாபா ஃபரீதுத்தீன் கன்ஜே ஷகர் (ரஹ்) அவர்கள். இன்று பாகிஸ்தானில் பாக்பத்தன் என்று வழங்கும் ஊரே அந்த அஜோதன். யாரோ அன்பளிப்பாகக் கொண்டுவந்த கத்தரிக்கோலை மறுத்து, எனக்கு ஊசி கொடுங்கள், நான் வெட்டுகிறவனல்லன், தைக்கிறவன் என்று சொன்ன பெருமகன் அவர். இருபது வயதில் ஹழ்ரத் அவர்கள் அங்கே போய் பைஅத் பெற்றார்கள்.

ஷெய்கின் கோபம்

ஒரு நாள் பாபா அவர்கள் அவாரிஃபுல் மஆரிஃப் என்ற கிதாபைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த பிரதி பிழை மலிந்தது, எழுத்தும் நுண்மையானது. படிக்கும்போது சற்றே தயங்கினார்கள். டில்லி மாணவர் சும்மா இருக்கவில்லை. நஜீபுத்தீன் அவர்களிடம் நல்ல பிரதி இருக்கிறதே என்று சொல்லிவிட்டார். உண்மையைத்தான் சொன்னார். உதவும் எண்ணம் கூட இருந்திருக்கலாம். ஆனால் சொன்ன இடமும் நேரமும்? பாபா அவர்களின் முகம் மாறியது. பிழையான பிரதியைத் திருத்திப் படிக்கும் திறன் இந்த ஃபகீருக்கு இல்லையோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். யாரைக் குறித்துச் சொல்கிறார்கள் என்பதுகூட முதலில் இவர்களுக்கு விளங்கவில்லை. உடனிருந்த மௌலானா பத்ருத்தீன் இஸ்ஹாக் அவர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தலைப்பாகையைக் கழற்றிப் பாதத்தில் விழுந்தார்கள். மன்னிப்பு கிடைக்கவில்லை.

வெளியே வந்தவர்களுக்கு உலகமே இருண்டது. ஒரு கிணற்றருகே நின்றபோது உயிரே வேண்டாம் என்ற எண்ணம்கூட வந்துபோனது. அல்லாஹ்வின் அருளால் அந்த எண்ணத்தை விட்டு விலகி, அழுதுகொண்டே வெளிகளில் அலைந்தார்கள். பாபாவின் மகனார் ஒருவர் இவர்களுக்கு நண்பர். அவர் போய்த் தந்தையிடம் எடுத்துச் சொன்னார். பாபா அவர்கள் அழைத்தனுப்பினார்கள். இவ்வளவும் உன்னைப் பக்குவப்படுத்தவே செய்தேன். மணமகளை அலங்கரிக்கிறவள் போலத்தான் முரீதுக்கு ஷெய்கு என்று சொல்லி, தம் ஆடையையே எடுத்து அணிவித்தார்கள்.

அன்பர்களே! டில்லிச் சபைகளில் எத்தனை பேரை அவர்கள் பலர் முன்னிலையில் திருத்தியிருப்பார்கள்! அப்படித் திருத்தப்பட்டவனுக்கு எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் தம் நெஞ்சில் உணர்ந்தார்கள். வலித்த இடத்தில்தான் இரக்கம் முளைக்கிறது. அதன் பிறகு அவர்கள் வாழ்வில் எவரையும் பலர் முன் கூசவைக்கும் பேச்சு இல்லை.

அஜோதனில் இன்னொரு பாடமும் கிடைத்தது. உடன்படித்த பழைய தோழர் ஒருவர் பணியாளோடு வந்து அங்கே தங்கினார். கந்தல் உடையில் இவர்களைக் கண்டு, டில்லியில் ஆசிரியராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக வாழ்ந்திருக்கலாம் என்று வருந்தினார். இதை அறிந்த பாபா அவர்கள், உணவுத் தட்டு ஒன்றைத் தலையில் சுமந்துபோய் அந்தத் தோழருக்கே கொடுத்துவரச் சொன்னார்கள். வாதவல்லவரின் தலை அன்று தட்டைச் சுமந்தது, பெருமை இறங்கியது.

அந்தக் கந்தலைப் பார்த்து மனம் பொறுக்காமல், பீபி ராணி என்ற அம்மையார் அதை வாங்கித் துவைத்து, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தார்கள். பாபாவின் முரீதான ஸையிது முஹம்மது கிர்மானி அவர்களின் துணைவியார் அவர். சிறிய உதவிதான், ஆனால் மறக்கப்படவில்லை. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை மீர் குர்து அவர்கள்தான் சியருல் அவ்லியா என்ற வரலாற்று நூலை எழுதினார்கள். ஓர் ஒட்டுத் துணிக்கான நன்றி இன்றுவரை ஏட்டில் நிற்கிறது.

ஊர் திரும்பு முன், கடன்காரர்களைத் திருப்திப்படுத்திவிட வேண்டும் என்று பாபா அவர்கள் போதித்தார்கள். ஹழ்ரத் அவர்களுக்கு ஒரு துணி வியாபாரிக்கு 20 ஜீத்தல் தரவேண்டியிருந்தது. இரவல் வாங்கிய ஒரு கிதாபையும் தொலைத்திருந்தார்கள். டில்லி வந்ததும் கையில் சேர்ந்த 10 ஜீத்தலோடு வியாபாரியிடம் போனார்கள். நல்லோரின் சகவாசத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று பாராட்டி, பத்தை வாங்கிக்கொண்டு மீதியை அவர் விட்டுக்கொடுத்தார். கிதாபுக்காரரிடம், வேறொரு பிரதியைத் தேடி எழுதித் தருவதாகச் சொன்னார்கள். அவரும் அதை அன்பளிப்பாகவே விட்டுவிட்டார். பாதியை எடுத்துக்கொண்டு நேரே போய் நின்றவருக்கு இந்த மரியாதை! கொடுக்க முடியவில்லையே என்று கடன்காரர் தெருவைச் சுற்றிப் போகிறவர்கள் கவனிக்கட்டும்.

யமுனைக் கரையில்

1265-ல் பாபா அவர்கள் மறைந்தார்கள். அதற்கு முன்பே கிலாஃபத் அளித்துவிட்டார்கள். டில்லியில் இருக்க ஓர் இடமின்றி வீடு வீடாக மாறிய பின், ஹழ்ரத் அவர்கள் யமுனைக் கரையிலுள்ள கியாஸ்பூரில் தங்கினார்கள். தொடக்கத்தில் பட்டினி, பிறகு காணிக்கைகள் குவிந்தன. வந்தது அன்றன்றே ஏழைகளுக்குப் போனது. கான்காஹ்வின் அடுப்பு அணைவதில்லை. வந்தவர் எல்லாரும் உண்டார்கள். ஹழ்ரத் அவர்களோ காலமெல்லாம் நோன்பு வைத்தார்கள். ஸஹர் நேரத்தில் பணியாளர் உணவு கொண்டுவந்தால் பெரும்பாலும் கை நகராது. பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் எத்தனையோ பேர் பசியோடு படுத்திருக்க, இந்தக் கவளம் என் தொண்டையில் எப்படி இறங்கும் என்று அழுவார்கள். நோன்பு பசியை உணரத்தான் என்று நாம் பேசுகிறோம். அவர்கள் உணர்ந்தார்கள்.

கோடை வெயிலில் ஒரு நாள் கியாஸ்பூரில் தீப்பிடித்தது. ஹழ்ரத் அவர்கள் வெறுங்காலோடு கான்காஹ்வின் மாடியில் ஏறி நின்று, தீ அணையும்வரை அகலவில்லை. அணைந்ததும் எரிந்த வீடுகளை எண்ணச் செய்து, ஒவ்வொரு வீட்டுக்கும் உணவுத் தட்டும் தண்ணீரும் இரண்டு வெள்ளித் தங்காவும் அனுப்பினார்கள். மாடியிலேயே நின்று அனுதாபப்பட்டதோடு முடிந்துவிடவில்லை என்பதை நாம் பார்க்க வேண்டும். எண்ணிக்கை எடுத்து, எந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று அறிந்து அனுப்பினார்கள். வீடெரிந்தவனுக்கு முதலில் தாகம் இருக்கும் என்றறிந்து தண்ணீரும் சேர்த்து அனுப்பினார்களே, அதுதான் பிறர் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் பண்பு.

சந்திக்க வந்த ஒரு குழுவினர் ஆளுக்கொரு காணிக்கை கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், எல்லாவற்றையும் பணியாளர் மொத்தமாகத்தானே அள்ளிக்கொண்டு போவார் என்று எண்ணி, வழியில் கிடந்த மண்ணைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து வைத்துவிட்டார். பணியாளர் எடுக்கப் போனபோது ஹழ்ரத் அவர்கள், அந்தப் பொட்டலத்தை மட்டும் இங்கேயே விட்டுவிடு, அது என் கண்ணுக்கிடும் சுர்மா என்றார்கள். வைத்தவர் வெட்கித் தலைகுனிந்தார். உண்மை தெரிந்தும் அவருடைய மானம் சபையில் போகாமல் காத்தார்கள். பழைய வாதவல்லவராக இருந்திருந்தால் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியிருப்பார்!

கவிஞர் அமீர் ஹஸன் அவர்களுக்கு ஒரு சமயம் சம்பளம் வராமல் தாமதமாகி மனம் வாடியிருந்தது. ஹழ்ரத் அவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். ஆனால் என்ன துயரம் என்று சபையில் குடைந்து கேட்கவில்லை. செல்வமெல்லாம் பறிபோன பிராமணர் ஒருவர், பூணூல் என்னிடமே இருக்கிறது, கவலையென்ன என்று நிமிர்ந்து நடந்த கதையைச் சொன்னார்கள். மாற்று மதத்தவரின் மனத்திண்மையையும் மதித்துச் சொன்ன அந்தக் கதையின் உட்பொருள் தமக்கான ஆறுதல் என்பது கவிஞருக்கு விளங்கிவிட்டது. 1308 முதல் 1322 வரை இத்தகைய சபைகளில் கேட்டவற்றை அவர் எழுதிவைத்ததே ஃபவாயிதுல் ஃபுஆத் என்ற நூல். இன்று நாம் இவ்வளவு அறிவதற்கு அந்நூல் பெருந்துணை.

முள்ளுக்கு முள் வேண்டாம்

மனிதனுக்குள் நப்ஸு இருக்கிறது, கல்பும் இருக்கிறது என்று ஹழ்ரத் அவர்கள் விளக்குவார்கள். ஒருவன் நப்ஸோடு நம்மை எதிர்த்து வந்தால், நாம் கல்போடு அவனை எதிர்கொள்ள வேண்டும். நப்ஸில் சச்சரவு இருக்கிறது. கல்பில் அமைதி இருக்கிறது. இரண்டு பக்கமும் நப்ஸே நின்றால் சண்டைக்கு ஓய்வேது? முள் வைத்தவனுக்கு நாமும் முள் வைத்தால் நடக்கிற பாதையெல்லாம் முள்ளாகிவிடும் என்பது அவர்கள் போதனையின் சாரம்.

சொன்னதை வாழ்ந்தும் காட்டினார்கள். இந்தர்பத் பக்கத்தில் சஜ்ஜு என்று ஒருவன் இருந்தான். காரணமின்றி ஹழ்ரத் அவர்களை ஏசுவதும், தீங்கு நினைப்பதுமே அவன் தொழில். அவன் இறந்தபோது ஹழ்ரத் அவர்கள் அவனுடைய கப்ருக்குப் போனார்கள். இவன் எனக்குச் செய்ததையும் நினைத்ததையும் மன்னித்துவிட்டேன், என் பொருட்டு இவனைத் தண்டித்துவிடாதே என்று இறைவனிடம் துஆச் செய்தார்கள்.

ஆல இம்ரான் சூராவில் நல்லோரின் அடையாளங்களை அல்லாஹ் வரிசைப்படுத்துகிறான். கோபத்தை அடக்குவது, மனிதர்களை மன்னிப்பது, அதன்பின் நன்மை செய்வது. இது மூன்று படி. நம்மில் பலர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறோம். வாயை மூடிக்கொள்கிறோம், உள்ளே விழுங்கிய கோபமோ புளித்துப் பகையாகிறது. ஹழ்ரத் அவர்கள் மூன்றாம் படியில் ஏறி நின்றார்கள். மல்யுத்தத்தில் வெல்பவன் வீரனல்லன், கோபத்தில் தன்னை ஆள்பவனே வீரன் என்ற பெருமானார் (ஸல்) அவர்களின் போதனைக்கு இதுவே விளக்கவுரை.

அப்படியானால் அவர்களுக்கு மனவருத்தமே வந்ததில்லையா? வந்தது. முதிய சீடர் மௌலானா புர்ஹானுத்தீன் கரீப் அவர்கள் உடல்நலக் குறைவால் கம்பளியை மடித்துப் போட்டு அதன்மேல் அமர்ந்தார்கள். ஷெய்கு போல ஆசனம் போட்டுக்கொண்டார் என்று சிலர் வந்து சொல்ல, ஹழ்ரத் அவர்கள் மனம் நொந்து முகம் கொடுக்கவில்லை. சீடர் துயரத்தில் கரைந்தார். அமீர் குஸ்ரு அவர்கள் தம் தலைப்பாகையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து நின்று பரிந்துரைக்க, ஹழ்ரத் அவர்கள் மன்னித்து மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அஜோதனில் ஒரு நாள் அழுதுகொண்டு அலைந்த வாலிபருக்குப் பாபாவின் மகனார் செய்ததை, இங்கே குஸ்ரு செய்தார். பிணக்கு எந்த வீட்டிலும் வரும். வந்தால் நடுவே போய் நின்று சேர்த்துவைக்க ஒருவர் வேண்டும். சேர்த்துவைக்க வந்தவரின் பேச்சைக் கேட்கும் மனமும் வேண்டும்.

மற்றொரு சீடர் நஸீருத்தீன் மஹ்மூது அவர்களுக்கு, ஜனங்களின் தொந்தரவை விட்டு மலையிலோ காட்டிலோ போய் இபாதத் செய்ய ஆசை. குஸ்ரு மூலம் அனுமதி கேட்டார்கள். ஹழ்ரத் அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஜனங்களிடையேதான் இருக்கவேண்டும், அவர்களின் கடுமையைத் தாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடையும் கனிவும் காட்டவேண்டும் என்று கட்டளையிட்டார்கள். அந்தச் சீடர் டில்லியிலேயே இருந்தார்; டில்லியின் விளக்கு என்று பெயர் பெற்றார். முதுமையில் அவருடைய அறைக்குள் ஒரு பித்தன் புகுந்து கத்தியால் பல இடங்களில் குத்தினான். பிடித்துத் தண்டிக்க வந்தவர்களைத் தடுத்து, குத்தும்போது உன் கையில் காயம் பட்டிருந்தால் பொறுத்துக்கொள் என்று சொல்லி, பணமும் கொடுத்து அனுப்பினார். உஸ்தாதிடமிருந்து ஷெய்குக்கும், ஷெய்கிடமிருந்து சீடருக்கும் இந்தப் பாடம் இறங்கி வந்திருக்கிறது பாருங்கள்.

கடைசி நாட்கள்

வயது ஏற ஏற, துயரம் சொல்ல வருகிறவர்கள் பெருகினார்கள். ஒவ்வொருவர் துயரமும் தம் நெஞ்சில் தைப்பதாகவும், தம்மைவிடத் துயரம் சுமப்பவர் உலகில் இருக்க முடியாதென்றும் அன்னார் சொன்னதுண்டு. கேட்டுக் கேட்டு மரத்துப்போகாத மனம்! இறுதி நோயில் பல நாட்கள் உணவே இல்லை. தொழுதாயிற்றா என்று மீண்டும் மீண்டும் கேட்டுத் தொழுதார்கள். கான்காஹ்வில் உள்ளதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள். பணியாளர் இக்பால் மட்டும் கான்காஹ்வாசிகளுக்காகத் தானியத்தை நிறுத்திவைத்திருந்தார். அதையறிந்து, களஞ்சியத்தைத் திறந்து ஜனங்களை அள்ளிக்கொண்டுபோக விட்டு, தரையைப் பெருக்கிவிடும்படி உத்தரவிட்டார்கள். ஹிஜ்ரி 725, ரபீவுல் ஆகிர் 18, அதாவது 1325 ஏப்ரல் 3-ஆம் நாள் அன்னாரின் உயிர் பிரிந்தது. முல்தானின் ஷெய்கு ருக்னுத்தீன் அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். பிரிவைத் தாளாத அமீர் குஸ்ருவும் அதே ஆண்டில் மறைந்து, அருகிலேயே அடக்கமானார்.

நமக்கு என்ன?

நாம் அவ்லியாவாகப் பிறக்கவில்லையே என்று சொல்லவேண்டாம். அன்னாரும் பட்டினி வீட்டில் பிறந்து, வாதத்தில் பெருமை கொண்டு, பதவிக்கு ஆசைப்பட்டு, ஒரு சொல்லால் ஷெய்கைப் புண்படுத்தி, அழுது, திருந்தி, படிப்படியாக ஏறியவர்கள்தாம்.

இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் நாம் மூன்று காரியம் செய்யலாம். இன்று நம் சொல்லால் யார் முகம் வாடியது என்று நினைத்துப் பார்ப்போம்; அது மனைவியாயினும், கடைப் பையனாயினும், காலையில் போய் முதலில் ஸலாம் சொல்வோம். நமக்கு உதவியவரில் இன்னும் நன்றி சொல்லாதவர் யார் என்று தேடுவோம். சோறாக்கிப் போடும் கை அந்த வரிசையில் முதலில் வரும். நம்மை நோகடித்தவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, யா அல்லாஹ் நான் மன்னித்தேன், நீயும் மன்னிப்பாயாக என்று துஆச் செய்வோம். முதல் நாள் நாவு எழும்பாது. பத்தாம் நாள் எழும்பும். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம்.

புதுச்சத்திரத்தின் வழியே போகிறவர்களும், அந்தப் பெருஞ்சாலையில் டில்லிவரை லாரி ஓட்டிப் போகிறவர்களும் அடுத்த முறை ஊர்ப் பலகையைப் பார்க்கும்போது, ஹழ்ரத் அவர்கள் நடத்திய சத்திரத்தைச் சற்றே நினைத்துக்கொள்ளட்டும். வந்தவர் மனம் நோகாமல் திரும்பிப் போகும் வீடு எதுவோ, அதுவே சத்திரம். அத்தகைய வீடுகளாக நம் இல்லங்களையும், அத்தகைய திண்ணைகளாக நம் உள்ளங்களையும் ஆக்கிக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.